அல்ட்ராசவுண்டில் எடுத்த சாறு: கருவியின் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செடிகளில் இருக்கும் பயனுள்ள பொருள்களை அல்ட்ராசவுண்ட் கொண்டு பிரித்தெடுப்பது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். இப்படியொரு விஷயத்துக்கு நாளிதழில் இடம் கொடுத்ததற்கு முதலில் மனதார நன்றி. ஆனால் படித்து முடித்ததும் வாசகர் மனதில் இரண்டு எண்ணங்கள் தங்கிவிடும்படி அந்தச் செய்தி எழுதப்பட்டிருந்தது. ஒன்று, இந்த முறையில் ரசாயனமே கிடையாது என்பது. இன்னொன்று, வெறும் ஒலிதானே, அதனால் சத்து எதுவும் கெடாது என்பது. இரண்டுமே சரியில்லை. தாவரச் சாறு பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூட வேலையில் பல வருடமாக இருப்பவன் என்பதால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. இந்த முறை உண்மையிலேயே நல்ல முறை, எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு, அதனாலேயே அதைப் பற்றித் தவறான பேச்சு பரவுவது வருத்தமாக இருக்கிறது.

முதலில் எதற்காக ஒலி தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இலை, வேர், தோல், விதை எதுவாக இருந்தாலும் நமக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயோ செல்சுவரோடு ஒட்டியோ இருக்கிறது, அந்தச் சுவர் லேசில் விட்டுக்கொடுக்காது. பழைய வழி, பொடித்து ஊறவைப்பது அல்லது காய்ச்சுவது. ஆய்வுக்கூடத்தில் இன்றைக்கும் பயன்படுகிற சாக்ஸ்லெட் கருவி 1879இல் ஃப்ரான்ஸ் வான் சாக்ஸ்லெட் பாலில் உள்ள கொழுப்பை அளப்பதற்காகச் செய்தது. கரைப்பானை, அதாவது பொருளைக் கரைத்து எடுக்கிற திரவத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்த்து, பொடியின் மேல் திரும்பத் திரும்ப வடியவிட்டு, ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். நன்றாகவே எடுத்துத் தரும், ஆனால் அத்தனை நேரமும் வடிந்து சேர்ந்த சாறு கீழே குடுவையில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஊறவைத்தால் சூடு இல்லை, ஆனால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம், அரை மணி நேரத்தில் வேலையை முடித்துத் தரக்கூடிய வழியாகத்தான் அல்ட்ராசவுண்ட் வந்தது.

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதற்கு மேலே போனால் மீயொலி, அதாவது அல்ட்ராசவுண்ட். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதும் மீயொலிதான், ஆனால் அது 2 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் அளவில், மிகக் குறைந்த செறிவில், உடம்பை ஒன்றும் செய்யாத மாதிரி ஓடுகிற ஒலி. சாறு எடுக்கப் பயன்படுத்துவது பெரும்பாலும் 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ், அதுவும் அதிக சக்தியோடு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஸ்கேன் மாதிரி மென்மையான சமாச்சாரம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியே நேர்மாறு. அலை திரவத்தின் வழியே போகும்போது ஒரு நொடிப்பகுதி அமுக்குகிறது, அடுத்த நொடிப்பகுதி இழுக்கிறது. இழுக்கிற நேரத்தில் திரவத்துக்குள் நுண்ணிய குமிழிகள் பிறக்கின்றன, அலைக்கு அலை வளர்கின்றன, ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க முடியாமல் உள்ளே இடிந்து விழுகின்றன. அப்படி விழும் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் சுமார் 5,000 டிகிரி வரை போகும், அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கைத் தொடும். ஆனால் அது ஒரு கண்ணுக்குத் தெரியாத புள்ளியில், மைக்ரோ நொடிக் கணக்கில் நடந்து முடிந்துவிடுவதால், பாத்திரத்தில் உள்ள திரவம் மொத்தமும் கொதிப்பதில்லை.

பொடித்த இலைத்துணுக்குக்குப் பக்கத்தில் குமிழி இடிந்தால் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பக்கம் திடப்பொருள் இருப்பதால் குமிழி சீராக நாலாபக்கமும் சுருங்க முடியாது, எதிர்ப்பக்கம் உள்வாங்கி, நொடிக்கு 100 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு நுண் திரவப் பீச்சு இலைத்துணுக்கை நோக்கிப் பாய்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான பீச்சுகள் மோதினால் செல்சுவர் என்ன ஆகும்? பிய்கிறது, குழியாகிறது, கிழிகிறது, உள்ளே கரைப்பான் புகுந்து வெளியே வர வழி கிடைக்கிறது. புதினா மாதிரி இலைகளில் மணமுள்ள எண்ணெய் இலையின் மேற்பரப்பில் இருக்கிற சிறு சுரப்பிகளில்தான் இருக்கிறது, அங்கே சுவர் மெல்லியது என்பதால் சட்டென்று உடைந்து எண்ணெய் வந்துவிடும். வேர், பட்டை போன்ற கெட்டியான பொருளில் நேரம் எடுக்கும், நன்றாக உலர்த்தி அரைத்துத்தான் போட வேண்டும். ரொம்ப மாவாக அரைத்தாலும் தொல்லைதான், பிறகு வடிகட்ட முடியாது.

இந்தக் குமிழிகளின் கதையே சுவாரசியமானது. 1890களில் பிரிட்டிஷ் கடற்படையின் 'டேரிங்' என்ற கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை, காரணம் தேடியபோது உந்துவிசிறியைச் சுற்றித் தண்ணீரில் வெற்றிடக் குமிழிகள் உருவாவது தெரியவந்தது. அந்தக் குமிழிகள் இடிந்து விழுவதால் உலோக விசிறியே அரித்துப் போவதையும் பின்னால் கண்டார்கள். 1917இல் இயற்பியலாளர் லார்ட் ரேலே, இடியும் குமிழியில் எவ்வளவு அழுத்தம் உண்டாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1927இல் ராபர்ட் வுட், ஆல்ஃபிரட் லூமிஸ் என்ற விஞ்ஞானிகள் இருவரும் சக்தி வாய்ந்த மீயொலி உயிருள்ள செல்களைச் சிதைப்பதைப் பதிவு செய்தார்கள். கப்பல் பொறியாளர்களுக்குத் தலைவலியாக இருந்த அதே சக்திதான் இன்றைக்கு ஒரு பீக்கருக்குள் இலைச் செல்லைத் திறக்க உதவுகிறது. உலோகத்தையே தின்னக்கூடிய ஒன்றை 'மென்மையான முறை' என்று எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி இருக்கிறது, எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்வார்கள். மீயொலித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு துண்டு அலுமினியத் தாளை செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டு எடுத்தால், தாளில் சில இடங்களில் ஊசி குத்தின மாதிரி புள்ளிகள், சில இடங்களில் பெரிய ஓட்டைகள், சில இடங்களில் எதுவுமே ஆகாமல் வழவழப்பாக அப்படியே இருக்கும். குமிழி எவ்வளவு பலமானது என்பதை அந்த ஓட்டை சொல்கிறது. தொட்டியில் சக்தி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதை அந்த வழவழப்பான பகுதி சொல்கிறது. இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம். ஒரே தொட்டியில் ஒரே பொடியை இரண்டு குடுவையில் போட்டு இரண்டு மூலையில் வைத்தால் இரண்டு விதமான விடை வரக் காரணம் அதுதான். அதனால்தான் கொஞ்சம் கவனமாக வேலை செய்கிறவர்கள் டைட்டானியம் கம்பியை நேரடியாகத் திரவத்துக்குள் இறக்குகிற ப்ரோப் வகைக் கருவிக்கு மாறிவிடுகிறார்கள். அதற்கும் அதற்கேற்ற தொல்லைகள் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

சூடு குறைவு என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம் என்று கேட்கலாம். செடியிலிருந்து எடுக்கிற, மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தின் கதையை நினைத்துப் பாருங்கள். சீனாவில் தூ யூயூவும் அவருடைய குழுவும் அந்தச் செடியைச் சூடாக்கிச் சாறு எடுத்தபோது மருந்து நிலையாக வேலை செய்யவில்லை. ஒரு பழைய மருத்துவக் குறிப்பில் காய்ச்சச் சொல்லாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற ஈத்தரைக் கரைப்பானாக மாற்றிக் குறைந்த சூட்டில் எடுத்தார், 1971இல் அது பலித்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அங்கே அல்ட்ராசவுண்ட் இல்லை. ஆனால் எந்தச் செடி என்பதோடு எந்தச் சூட்டில், எந்தக் கரைப்பானில் எடுத்தோம் என்பதும் சேர்ந்துதான் மருந்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. திராட்சைத் தோலில் இருக்கும் ஆந்தோசயனின் நிறமிகளும் இப்படித்தான், சூடு ஏறினால் போய்விடும், அமிலத்தன்மை குறைந்தாலும் நிறம் மாறிக் கெட்டுவிடும்.

சரி, இப்போது ரசாயனமே இல்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒலி செல்லின் கதவைத்தான் திறந்துவிடுகிறது. உள்ளே போய் எதைக் கையோடு கொண்டுவருவது என்று முடிவு செய்வது கரைப்பான். மஞ்சளை வெறும் தண்ணீரில் போட்டு எவ்வளவு நேரம் மீயொலியில் வைத்தாலும் அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின் சொல்லிக்கொள்கிற அளவு வராது, ஏனென்றால் அது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எத்தனாலில் (சாராயத்தில் இருக்கிற ஆல்கஹால்) போட்டால் சில நிமிடத்தில் திரவம் அடர்ந்த ஆரஞ்சு நிறத்துக்குப் போவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பாலிஃபீனால் வகைப் பொருள்களுக்குப் பெரும்பாலும் எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவைதான் நன்றாக வேலை செய்யும், 50 முதல் 70 சதவீத எத்தனால் என்பது ரொம்ப சகஜமாகப் பார்க்கிற அளவு. விதை எண்ணெய் எடுக்க, பெட்ரோலியத்திலிருந்து வருகிற ஹெக்சேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்தினால் அங்கே ஒலி இருந்தாலும் ஹெக்சேன் ஹெக்சேன்தான், அதன் ஆவியை நெடுநாள் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நரம்பு பாதித்தது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் 'அல்ட்ராசவுண்டில் எடுத்தது' என்று ஒரு டப்பாவில் எழுதியிருந்தால் அதில் பாதித் தகவல்கூட இல்லை. எதில் கரைத்து எடுத்தார்கள், அந்தக் கரைப்பான் பிறகு முழுக்க நீக்கப்பட்டதா, எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்று சோதித்தார்களா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரைப்பானுக்கு நல்லது கெட்டது தெரியாது. இலையின் மேல் பூச்சிமருந்து மிச்சம் இருந்தால், அதே கரைப்பானில் கரையக்கூடியதாக இருந்தால், அதுவும் சேர்ந்து வரும். செடி தன் பாதுகாப்புக்காகச் சேர்த்துவைத்திருக்கும் நஞ்சும் வரும். பிரித்தெடுக்கும் திறமை கூடினால் வேண்டாததும் கூடத்தான் செய்யும், அதனால் எடுக்கும் முறை எவ்வளவு நவீனமோ அந்த அளவுக்கு மூலப்பொருள் சுத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்தது எதுவும் கெடாது என்ற பேச்சு. குமிழி இடியும் அந்தச் சூட்டில் தண்ணீர் மூலக்கூறே உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துண்டு உருவாகிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று எதை எடுக்கப் போகிறோமோ அதையே தாக்கக்கூடிய சமாச்சாரம் இது. எண்ணெய்களை அதிக நேரம் மீயொலியில் வைத்தால் சிக்கெடுத்த, உலோகம் மாதிரியான வாடை வருவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் நேரத்துக்கு ஓர் உச்சம் உண்டு. முதல் சில நிமிடங்களில் விளைச்சல் விறுவிறுவென்று ஏறும், பிறகு சமமாகும், அதற்கு மேலும் ஓட்டிக்கொண்டே இருந்தால் பல பொருள்களில் இறங்க ஆரம்பிக்கும். கரைப்பானில் எத்தனால் இருந்தால் அந்த ரேடிக்கல்களில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும் என்பது ஒரு ஆறுதல்.

சூடு ஏறாது என்பதும் பாதி உண்மைதான். சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குள் உண்மையிலேயே 100 வாட் சக்தி போனால் நிமிடத்துக்கு 6,000 ஜூல், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.4 டிகிரி ஏறும். வெளியே சூடு போகாமல் பார்த்துக்கொண்டால் 30 டிகிரியில் ஆரம்பித்த தண்ணீர் அரை மணியில் 70 டிகிரியைத் தாண்டிவிடும். வேலை தெரிந்தவர்கள் பாத்திரத்தைச் சுற்றிக் குளிர்நீர் ஓடவிடுவதும், ஐந்து நொடி ஓட்டி ஐந்து நொடி நிறுத்துவதும் இதற்காகத்தான். அதோடு சூடு ஏறினால் குமிழிக்குள் ஆவி நிறைந்து இடிப்பின் பலமும் மட்டுப்பட்டுவிடும், ஆகையால் சூடாக்கினால் ஒலியின் வேலையும் குறைகிறது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், தண்ணீர் எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதை வைத்து உள்ளே உண்மையில் எவ்வளவு சக்தி போகிறது என்று கண்டுபிடிக்கலாம். கருவியின் மேல் 500 வாட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் கருவி மின் இணைப்பிலிருந்து இழுக்கிற சக்தி, திரவத்துக்குள் போவது அதைவிடக் குறைவு. இதை அளக்காமல் கருவியின் முகப்பில் இருந்த எண்ணை அப்படியே எழுதிவிடுகிற ஆய்வறிக்கைகள் நிறைய வருகின்றன, அதை வைத்து வேறொருவர் அதே சோதனையைச் செய்தால் அதே விடை வராது. மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அதிர்வெண், திரவத்துக்குள் போன சக்தி, பாத்திரத்தின் அளவு, சூடு, நேரம், பொடிக்கும் திரவத்துக்கும் உள்ள விகிதம், இவ்வளவும் இல்லாத அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் அந்த டைட்டானியம் முனை. அலுமினியத் தாளைத் துளைக்கிற அதே குமிழி கம்பி முனையையும் மெல்ல மெல்ல அரிக்கிறது. பளபளவென்று இருந்த முனை நாளாக ஆக மங்கி, விரலால் தடவினால் சொரசொரவென்று குழி தட்டுப்படும். அரித்த துகள் எங்கே போகும், சாற்றுக்குள்தான். ஆய்வுக்கூடத்தில் வடிகட்டிவிடலாம், ஆனால் உண்ணக்கூடிய பொருள் தயாரிக்கிறவர்கள் முனையை எப்போது மாற்றுகிறார்கள், எப்படி வடிகட்டுகிறார்கள் என்று கணக்கு வைத்திருக்க வேண்டும்.

இந்த முறையில் மின்சாரம் மிச்சம் என்று பொதுவாகச் சொல்வதிலும் ஒரு விடுபடல் இருக்கிறது. எடுக்கும் வேலையில் மிச்சம் உண்மைதான், 100 வாட்டில் அரை மணி என்றால் 180 கிலோஜூல். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் திரவத்தை வற்றவைத்துப் பொடியாக்க வேண்டுமே? ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். ஒலிக்குச் செலவானதைப் போலப் பன்னிரண்டு மடங்கு. எத்தனாலுக்கு இது பாதிக்கும் குறைவு, அதைப் பிடித்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். ஆகவே குறைந்த கரைப்பானில் வேலையை முடிக்கத் தெரிந்தவர்தான் உண்மையில் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறார், அல்ட்ராசவுண்டின் பெரிய உபயோகமும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் செல்சுவர் நன்றாகத் திறந்தால் கரைப்பான் குறைவாகப் போதும்.

இனி அளவீட்டைப் பற்றி. இத்தனை மடங்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதிகம் என்று வரும் செய்திகளில் பெரும்பாலும் ஃபோலின் சோதனை அல்லது டிபிபிஎச் சோதனையின் எண்ணைத்தான் கொடுப்பார்கள். ஃபோலின் சோதனை மொத்த ஃபீனாலை அளக்கும் என்று சொல்வோம், ஆனால் வைட்டமின் சி இருந்தாலும், சில சர்க்கரைகள் இருந்தாலும் அதுவும் அதே நீல நிறத்தைக் காட்டும். டிபிபிஎச் சோதனை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஊதா நிறம் மங்குவதைப் பார்ப்பது. உடம்புக்குள் என்ன நடக்கும் என்பதை இரண்டும் சொல்லாது. எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய எச்பிஎல்சி மாதிரியான கருவியில் தனித்தனியாகப் பிரித்து அளக்க வேண்டும். செய்தி எழுதும்போது எந்தச் சோதனை என்று ஒரே ஒரு வரி சேர்த்தாலே வாசகருக்குப் பெரிய உதவி.

செறிவு கூடினால் நன்மை கூடும் என்பதும் உறுதி இல்லை. குர்குமின் குடலில் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது, எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் இந்தப் பிரச்சினை அப்படியே இருக்கும். கிரீன் டீயில் இருக்கும் இஜிசிஜி என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரணமாகத் தேநீராகக் குடிப்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே, 2018இல் வெளியிட்ட ஆய்வில், செறிவூட்டிய மாத்திரைகளாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததைச் சுட்டிக்காட்டியது. இலையில் இருக்கும்வரை இயற்கையே ஓர் அளவு வைத்திருக்கிறது, நாம் அதைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கும்போது அந்த அளவைத் தாண்டுகிறோம். இதைச் சொல்லாமல் சத்து பத்து மடங்கு என்று தலைப்புப் போடுவது ஆபத்து, அதுவும் வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் படித்தால் இன்னும் ஆபத்து.

உங்கள் செய்தியைப் படித்துவிட்டு வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம், நகை, மூக்குக்கண்ணாடி சுத்தம் செய்கிற சின்ன மீயொலித் தொட்டி சுலபமாகக் கிடைக்கிறதே என்று. தயவுசெய்து வேண்டாம். அந்தத் தொட்டியில் எத்தனாலையோ ஸ்பிரிட்டையோ நேராக ஊற்றி ஓட்டுவது தீயை வரவழைப்பது. எத்தனாலின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது, தொட்டி அதைச் சூடாக்கவும் செய்கிறது, பக்கத்தில் மின்சாரம் வேறு. ஓடுகிற தொட்டிக்குள் விரலை விடக் கூடாது. ப்ரோப் கருவி காதுக்குக் கேட்காத அலையோடு காதைக் கீறுகிற சத்தமும் சேர்த்தே எழுப்பும், ஆய்வுக்கூடத்தில் அதைத் தடுப்புப் பெட்டிக்குள் வைத்து, காதுக்குக் காப்பும் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார்கள். இந்த எச்சரிக்கை எதுவும் செய்தியில் இல்லாதது எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருந்தது.

இவ்வளவு குறை சொல்கிறேனே, பிறகு எதில்தான் நம்பிக்கை என்றால், தூக்கிப் போடுகிற பொருளில். சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் திராட்சைச் சக்கை, ஆரஞ்சுத் தோல், ஆப்பிள் சக்கை, வெங்காயத்தின் வெளித்தோல், தக்காளித் தோல், ஆலிவ் இலை. வெங்காயத் தோலில் குவெர்செட்டின் இருக்கிறது, ஆரஞ்சுத் தோலில் ஹெஸ்பெரிடினும் பெக்டினும் இருக்கின்றன, தக்காளித் தோலில் லைகோபீன், ஆலிவ் இலையில் ஒலியூரோபின். தொழிற்சாலைகள் மலை மலையாகக் கொட்டுகிற கழிவு இது, ஈரமாக இருப்பதால் சீக்கிரம் அழுகும், அப்புறப்படுத்தவே செலவு. கொட்டிய இடத்தில் அழுகுவதற்குள் தண்ணீரும் எத்தனாலும் கலந்த எளிய கரைப்பானில், அதிகச் சூடில்லாமல், கொஞ்ச நேரத்தில் இவற்றிலிருந்து நிறமியும் பாலிஃபீனாலும் எடுக்க முடிகிறது என்பதுதான் இந்த முறையின் அருமை. அரிதான மூலிகையைக் காட்டிலிருந்து பிடுங்கிவந்து செறிவூட்டி மாத்திரை போடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் செய்தி மூலிகையைப் பற்றி மட்டுமே பேசியது, கழிவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதிலும் சிரமம் இல்லாமல் இல்லை. பீக்கரில் அழகாக வேலை செய்வதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனால் அப்படியே வராது, ஏனென்றால் குமிழி பலமாக உருவாவது கம்பி முனைக்குப் பக்கத்தில் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான், அதைத் தாண்டினால் சக்தி வேகமாகக் குறைந்துவிடும். பெரிய தொட்டியில் பெரிய கம்பியை இறக்கினால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. திரவத்தைச் சின்ன அறை வழியே தொடர்ந்து ஓடவிட்டு, ஒவ்வொரு துளியும் அந்த முனையைக் கடந்து போகும்படி செய்கிற அமைப்புதான் ஒத்துவருகிறது. அதில் சக்கை அடைத்துக்கொள்ளாமல் ஓடவிடுவது தனி வித்தை. இதையெல்லாம் சமாளித்து ஓடுகிற இடங்கள் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்துக்கு உங்கள் நிருபரை அனுப்பி, சக்கை உள்ளே வருவதிலிருந்து பொடி வெளியே போவது வரை கூடவே நின்று பார்த்து எழுதச் சொல்லுங்கள், நிச்சயம் ஒரு முழுப்பக்கத்துக்கு விஷயம் கிடைக்கும்.

அதுவரை, இந்த வகைப் பொருள்களைப் பற்றி அடுத்த முறை செய்தி வந்தால், தயாரிப்பாளர் கொடுத்த அறிக்கையை அப்படியே போடாமல் நாலு கேள்வி கேட்டுப் பதிலையும் சேர்த்து அச்சிடுங்கள்: கரைப்பான் என்ன, சாற்றில் அதன் மிச்சம் எவ்வளவு, எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று தனியாக அளந்தார்களா, மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா. பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் போடுங்கள். வீட்டில் செய்து பார்ப்பதன் ஆபத்தைப் பற்றி மட்டும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரத்துக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போட்டுவிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்